கட்டிலுக்கு அந்தப் பக்கம்

கட்டிலின் கால்மாட்டுக் கைப்பிடியில் பச்சைத் துணி சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் போன் திரைக்கு மேலே அவளுடைய கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடையில் அவளுக்கு வாரத்தில் அன்றைக்கு மட்டும் அரை நாள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, சரி, இன்றைக்கு இதை விளையாடி முடித்துவிடலாம் என்று ஆரம்பித்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரையில் ஓர் அறை. வெளிர் மஞ்சள் சுவர், ஜன்னல், மருந்து அலமாரி, ஆஸ்பத்திரியில் போடுகிற மாதிரி இரும்புக் கட்டில். அதில் மார்புவரை போர்வை போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர். பின்னால் யாரோ தூக்கக் கலக்கத்தில் பியானோவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ‘கைப்பிடியைச் சுழற்றி அவரை உட்கார வையுங்கள்’ என்று கீழே எழுத்து வந்தது.

அந்தக் கைப்பிடியில்தான் பச்சைத் துணி.

உலகத்தில் ஆயிரம் கட்டில் இருக்கும், ஆயிரம் கைப்பிடி இருக்கும். ஆனால் துருப்பிடித்த இரும்பு உள்ளங்கையைக் கிழிக்கிறதே என்று, ஒரு கோட்டுக்கு உள்துணி மாற்றியபோது மிஞ்சிய பச்சைத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூன்று சுற்றுச் சுற்றி, அவிழாமல் இருக்க ஓரத்தில் குறுக்குத் தையல் போட்டவள் அவள். அந்தத் தையல்கூடப் படத்தில் இருந்தது. போனைக் கண்ணருகே கொண்டுபோய் எண்ணிப் பார்த்தாள். நாலு. வீட்டில் இருப்பதும் நாலுதான்.

விரலால் சுழற்றினாள். தலைமாடு மெல்ல உயர்ந்தது. பெரியவர் கண்ணைத் திறந்து, “எந்த மாடி?” என்று கேட்டார்.

நீட்டியிருந்த காலை அவள் மடக்கிக்கொண்டாள்.

அவளுடைய அப்பா முப்பத்தொரு வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டியவர். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஏறுகிறவர்களையெல்லாம் “எந்த மாடி?” என்று கேட்ட வாய். படுக்கையில் விழுந்த பிறகும் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தும்போதெல்லாம் அதையேதான் கேட்பார். “ரெண்டாவது” என்பாள் அவள். அந்தக் கட்டில் இரண்டாவது மாடிக்கு மேல் ஒருநாளும் போனதில்லை. அதற்கு மேல் உயர்த்தினால் அவருக்குத் தலை சுற்றும், குடித்த கஞ்சி அத்தனையும் அவள் சட்டையில்தான் வந்து விழும். திரையிலோ ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பொத்தான்கள் இருந்தன. என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று நாலை அழுத்தினாள். தலைமாடு ஜம்மென்று மேலே போனது. ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. பெரியவர் சிரித்தார். பியானோ இன்னும் கொஞ்சம் உருகியது.

“கடலாம்!” என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பாசி பிடித்த தொட்டி.

இந்த விளையாட்டுப் பழக்கம் அவளுக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய துணிக்கடையின் பின்கட்டில் ஆல்டரேஷன் பார்க்கிறவள் அவள். பேண்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, சட்டைக் கையை ஏற்றுவது. அப்பா போய்ப் பதினாலு மாசம். அதற்கு முன்னால் இரண்டு வருஷமும் மூன்று மாசமும் அவள் கடைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓடிய ஓட்டம் அவளுக்குத்தான் தெரியும். பகலில் பக்கத்து வீட்டம்மாள் எட்டிப் பார்ப்பாள், மற்றதெல்லாம் இவள். செவ்வாய் மத்தியானம் என்றால் அவரைக் குளிப்பாட்டுகிற நேரம். அவர் போன பிறகு அந்த மத்தியானம் அவளைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்தது. தூக்கம் வராது, டிவி ஓடாது. கடையில் பில் போடுகிற கவுண்டர் பெண்தான், “இப்படி மோட்டுவளையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்கன்னா சீக்கிரம் கிறுக்குப் பிடிச்சிரும்க்கா” என்று சொல்லி, போனில் சின்னச் சின்னக் கதை விளையாட்டுகளை ஏற்றிக் கொடுத்தாள். சுடுவது, துரத்துவது எதுவும் கிடையாது. கடைசிப் பேருந்தில் யார் யாரோ மறந்துவிட்டுப் போன குடைகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது ஒன்று. புருஷன் போன பிறகு கலங்கரை விளக்கத்துக்குத் தனியாளாக வெள்ளையடிக்கிற பெண்ணின் கதை ஒன்று. எல்லாம் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கைக்கு ஒரு வேலை, அந்த வேலையால் யாருக்கோ ஒரு நல்லது, ஒன்றரை மணி நேரத்தில் ‘முற்றும்’. நிஜத்தில் எந்த வேலை இப்படி முடிகிறது?

இந்த வாரம் கவுண்டர் பெண் ஒரு பட்டியலை அனுப்பியிருந்தாள். ‘ஒரே மத்தியானத்தில் முடிக்கலாம்: மனசை இளைப்பாற்றும் பத்துக் குட்டி விளையாட்டுகள்.’ அதில் நாலாவது, ‘மஞ்சள் அறை’. படுக்கையில் இருக்கும் அப்பாவை ஒரு மகன் பார்த்துக்கொள்கிற கதை. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள், எழுந்திருக்கும்போது மனசு பஞ்சாகியிருக்கும் என்று எழுதியிருந்தார் பட்டியல் போட்ட புண்ணியவான்.

அவளுடைய தம்பிக்கு இதுதான் தொழில் என்பது அவளுக்குத் தெரியும். வேறு ஊரில் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு கம்ப்யூட்டரில் விளையாட்டுச் செய்கிறான். போன வருஷம் ஒருநாள் போனில், “அப்பாவைப் பத்தி ஒண்ணு பண்ணிட்டிருக்கேன்க்கா” என்றான். அவள் அப்போது தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். “பண்ணுடா” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அது இதுதான் என்று இப்போது தெரிந்தது. தெரிந்ததும், சும்மா சொல்லக்கூடாது, முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாவை ஊர் உலகம் பார்க்கிறதே. சரி, நம்மை எப்படிப் போட்டிருக்கிறான் பார்ப்போம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திரையின் கீழிருந்து இரண்டு கைகள் வந்தன. விளையாடுகிறவருடைய கைகள். முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, இடது மணிக்கட்டில் கறுப்பு வார் போட்ட கடிகாரம். ஆம்பளைக் கை. அந்தக் கடிகாரத்தைத் தம்பிக்கு அவள்தான் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அந்தக் கைகள் எல்லா வேலையும் செய்தன. மாத்திரையை விரலால் இழுத்து வாயில் வைத்தால் பெரியவர் குழந்தை மாதிரி விழுங்கினார். நிஜத்தில் அவர் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிவைத்திருந்து, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தலையணைக்குப் பின்னால் துப்பிவிடுவார். இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்துப் பொடியாக்கி, கஞ்சியில் கலந்து, வாசனை தெரியாமல் இருக்க மேலே சர்க்கரை தூவி, அப்புறமும் ஒரு மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். திரையில் போர்வையை ஒரே இழுப்பில் மாற்றலாம். மாற்றினால் டிங்கென்று ஒரு மணி அடிக்கிறது. அறுபத்திரண்டு கிலோ மனுஷரை இந்தப் பக்கம் உருட்டி, அந்தப் பக்கம் உருட்டி, அடியில் இருக்கிற விரிப்பை உருவினவளுக்கு எந்த மணியும் அடிக்கவில்லை. இடுப்புதான் விட்டுப்போயிற்று. பெட்பேனைக் காணவே காணோம். அதற்குப் பொருத்தமாகப் பியானோ வாசிக்க முடியவில்லை போலிருக்கிறது.

போகட்டும், கதை என்றால் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். நாம் எப்போது வருவோம் என்று கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு பார்த்தாள். காலை ஆனது, மத்தியானம் ஆனது, மழைக்காலம் வந்து போனது. கதவு திறக்கவே இல்லை. அவள் படுத்துக்கொள்கிற பாயைக்கூடக் காணவில்லை. அறையை இப்படி அப்படித் திருப்பிப் பார்க்கலாம் என்றால் திரும்பாது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே பக்கத்திலிருந்துதான் தெரிகிறது. அப்போதுதான் பெரியவர் மறுபடியும் வாயைத் திறந்தார்.

“வந்தாச்சாய்யா நம்ம சூப்பிரண்டு?”

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சூப்பிரண்டு என்பது அவள். மருந்து, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டு அவரை அதட்டிக்கொண்டிருந்ததால் அவர் அவளுக்கு வைத்த பெயர். கடையிலிருந்து திரும்பி அவள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே போதும், உள்ளேயிருந்து “வந்தாச்சாம்மா நம்ம சூப்பிரண்டு?” என்று குரல் வரும். மனுஷர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே பட்டம். அதையும் பிடுங்கி அந்தக் கடிகாரக் கைக்குக் கொடுத்திருந்தான்.

விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. கடைசிவரை போனாள். கடைசி நாள், ஜன்னலில் சாயங்கால வெயில். ‘கைப்பிடியை மெதுவாக இறக்குங்கள்’ என்றது எழுத்து. இறக்கினாள். தலைமாடு தாழத் தாழப் பெரியவர் அந்தக் கைகளைப் பார்த்துச் சொன்னார்: “நீ இல்லன்னா நான் எப்பவோ கீழ இறங்கியிருப்பேன், சூப்பிரண்டு.”

பியானோ நின்றது. திரை வெளுத்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இரண்டு வருஷம் மூன்று மாசத்தில் அந்த மாதிரி ஒரு வார்த்தை, அதில் பாதி, அதில் கால்வாசி அவர் அவளிடம் சொன்னதில்லை. கடைசியாக அவர் அவளிடம் பேசியது, “தண்ணி ரொம்ப சூடா இருக்கு” என்ற குறைதான். அவள் துணியைப் பிழிந்துகொண்டு வருவதற்குள் போய்விட்டார். ஒருநாளாவது ‘நீ நல்லா பாத்துக்கறே’ என்று சொல்ல மாட்டாரா என்று அவள் ஏங்கிய ஏக்கத்தை வெளியே யாரிடமும் சொன்னதில்லை, வெட்கக்கேடு என்று. அந்த வார்த்தையை இவன் பாட்டுக்கு எழுதி, ஜோடித்து, தனக்குத்தானே சொல்லவைத்துக்கொண்டுவிட்டான்.

வெளுத்த திரையில் பெயர்கள் ஏறிப் போயின. எழுத்து, ஓவியம், நிரல் எல்லாம் தம்பி. நன்றி என்று ஒரு பத்தி. இசையமைத்த நண்பன், வீட்டுக்காரர், மாடியில் வந்து படுக்கிற பூனை, அக்கா. பூனைக்கு அடுத்தபடியாக அக்கா.

போன் பண்ணினாள். “ஞாயித்துக்கிழமை வா” என்றாள்.

“ஏன்க்கா, ஏதாவது விசேஷமா?”

“எந்த மாடின்னு கேக்கணும்.”

“வரேன்” என்றான்.

மறுநாள் கடையில், ஒரு வாடிக்கையாளர் புதுப் பேண்ட்டோடு ஸ்டூல்மேல் நின்றிருந்தார். அவள் தரையில் மண்டி போட்டு, வாயில் ஆறு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, ஓரத்தை மடித்து மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். கவுண்டர் பெண் ஓடி வந்தாள்.

“விளையாடினீங்களாக்கா, அந்த நாலாவது? நான் அழுதே போயிட்டேன். அழுது முடிச்சதும் அப்படியே ரிலாக்ஸா இருந்துச்சு. அந்த மாதிரி ஒரு பையன் கிடைச்சான்னா கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிக்குவேன்க்கா.”

வாயில் ஊசி. அவளால் ‘ம்’ மட்டும்தான் சொல்ல முடிந்தது. கவுண்டர் பெண் விடவில்லை. மற்றவர்கள் எழுதியிருந்த கருத்துகளைப் போனிலிருந்து படித்துக் காட்டினாள். இந்தப் பிள்ளையைப் பெற்ற வயிறு குளிர்ந்திருக்கும். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மகனா. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நிம்மதியான ஒன்றரை மணி நேரம் இருந்ததில்லை.

“நமக்கும்தான் ஒருத்தன் இருக்கான்” என்றார் ஸ்டூல்மேல் நின்றவர். “தண்ணி குடுடான்னா, ஆர்டர் போட்டுக்கோங்கப்பான்றான்.”

கவுண்டர் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அது என் தம்பி, அவனுக்கு ஒரு மாத்திரையை ரெண்டா உடைக்கக்கூடத் தெரியாது, ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஆப்பிளோட வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவான் என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனிவரை வந்தது. அப்புறம் என்ன சொல்வது? ‘அதையெல்லாம் செஞ்சது நான்தான்’ என்றா? சொல்லிப் பார்த்தாள், மனசுக்குள். கேட்கவே கேவலமாக இருந்தது. செய்தவள் வாயாலேயே செய்ததைச் சொல்லிக்காட்டினால் செய்ததெல்லாம் சில்லறையாகிவிடுகிறது. செய்யாதவன் சொன்னால் மட்டும் கதையாகிவிடுகிறது, பியானோ வேறு. இது என்ன நியாயம்? யாரிடம் போய்க் கேட்பது? அடுத்த குண்டூசி வாடிக்கையாளரின் கணுக்காலில் இறங்கியது. அவர் ஐயோ என்று ஸ்டூலைவிட்டுக் குதித்தார். பதினாறு வருஷ வேலையில் அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குத் தம்பி வந்தான். கையில் ஆப்பிள் பை. அதே ஆறு ஆப்பிள். பையை அவளிடம் நீட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் நேராக அப்பாவின் அறைக்குப் போய், கதவை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தோள்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கட்டில் இன்னும் அங்கேதான் கிடந்தது. தூக்கிக்கொண்டு போக ஆள் வராததால், வீட்டுக்குக் கொண்டுவருகிற தையல் வேலையை அதன்மேல்தான் குவித்துவைப்பாள். இப்போது குண்டூசி குத்திய பேண்ட்டுகள் இருபதுக்குமேல் மெத்தைமீது கிடந்தன. அவள் கட்டிலின் கால்மாட்டில், அந்தப் பச்சைத் துணிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“விளையாடினியாக்கா?”

“ரெண்டு தடவை.”

“எப்படி இருந்துச்சு?”

அடப்பாவி. கேள்வியைப் பார்.

“பெட்பேன் எங்கடா?” என்றாள்.

“என்னது?”

“பெட்பேன். ஒரு நாளைக்கு நாலு தடவை. எங்க வெச்சே அதை?”

அவன் பையின் ஜிப்பைத் திறந்து மூடினான். “அதெல்லாம் வெச்சா ஜனங்க தாங்க மாட்டாங்கக்கா. ஒரு மத்தியானம் நிம்மதியா இருக்கலாம்னு வர்றவங்க...”

“நான் தாங்கினேன்ல?”

அவன் மறுபடியும் ஜிப்பை இழுத்தான்.

“சரி, அது போகட்டும். நான் எங்க?”

“ஒன்றரை மணி நேரக் கதைக்கா. ரெண்டு பேர் வந்தா யார் யாருன்னு குழம்பிடும். ஒரு ஆளோட கை போதும்னு தோணுச்சு.”

“ஒரு ஆள் போதும். நியாயம்தான். அது ஏன் உன் கை?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சட்டென்று நிமிர்ந்து, பிரச்சினை தீர்ந்துவிட்ட மாதிரி முகமெல்லாம் மலர்ந்து, “அடுத்த அப்டேட்ல உன்னையும் கொண்டுவந்துர்றேன்க்கா. கதவு திறந்து நீ வர்ற மாதிரி. டீ கொண்டுவந்து குடுத்துட்டு...” என்றான்.

“டீயா?”

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. “உனக்கு டீ ஆத்திக் குடுக்கறதுக்கா நான் அதுல வரணும்? எங்க உக்காந்து குடிப்பே, இதே நாற்காலியிலயா? வெட்கமா இல்ல உனக்கு? என் பேரை எடுத்துக்கிட்டே, என் கைவேலையை எடுத்துக்கிட்டே, நாலு தையல் போட்டதைக்கூட எண்ணி எடுத்துக்கிட்டே, என்னை மட்டும் பூனைக்குப் பின்னாடி நிக்கவெச்சிட்டே!”

“நான் செய்யாததையெல்லாம் அதுல உக்காந்து செஞ்சேன்க்கா” என்றான். “பதினோரு மாசம். அவருக்குத் தலைக்கு ஊத்தற அந்த ஒரு இடத்தை மட்டும் இருபது தடவை மாத்தி மாத்திச் செஞ்சேன். அதைச் செஞ்ச அப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு.”

பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. மறுநொடியே அந்தப் பாவத்தின்மீதும் கோபம் வந்தது. “நீ தூங்கறதுக்கு என் வேலைதான் கிடைச்சுதா?” என்றாள்.

அவன் மூக்கை உறிஞ்சினான். அவள் கேட்கவேண்டியதில் கடைசி ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அந்தக் கடைசி வார்த்தை. நீ இல்லன்னா எப்பவோ கீழ இறங்கியிருப்பேன்னு. அதை எப்படிடா எழுத மனசு வந்துச்சு? அந்த மனுஷன் வாயில அப்படியெல்லாம் வருமா? வராத வார்த்தையை வரவெச்சு, அதை நீயே வாங்கிக்கிட்டியே.”

“நான் எழுதலக்கா.”

“பின்னே?”

“அவர் சொன்னதுதான்.”

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “உன்கிட்டயா?”

“என்கிட்ட. ஆனா உன்னைப் பத்தி.” அவன் நிமிரவில்லை. “நீ துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தே. நான் இங்கதான் உக்காந்திருந்தேன். சூப்பிரண்டு இல்லன்னா நான் எப்பவோ கீழ இறங்கியிருப்பேன்டா, அப்படின்னாரு. அவர் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி.”

பேண்ட் குவியலில் ஒன்று சரிந்து தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை. இரண்டு மாசம். அதற்குப் பிறகு பதினாலு மாசம். பதினாறு மாசமாக இந்த வார்த்தை இவனிடம் இருந்திருக்கிறது. வாரம் ஒரு தடவை போனில் பேசுகிறான், சாப்பிட்டாச்சா, மழை பெய்யுதா என்று ஊர்க்கதையெல்லாம் பேசுகிறான், அதை மட்டும் பேசவில்லை. முகம் தெரியாத ஆயிரம் பேர் அந்த வார்த்தையைக் கேட்டு அழுது, ரிலாக்ஸாகி, டீ டம்ளரைக் கழுவக் கிளம்பிவிட்டார்கள். யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவளுக்கு அது நாலாவது விளையாட்டாக வந்து சேர்ந்திருக்கிறது.

“ஏன்டா என்கிட்ட சொல்லல?”

“சொல்லணும்னுதான் நினைச்சேன். அன்னிக்கே.” கடிகாரத்தின் வாரைப் பிடித்துத் திருகினான். “எனக்குன்னு எதுவுமே சொல்லிட்டுப் போகலக்கா அவரு. ஒரு வார்த்தைகூட. அதான் அதைக் குடுக்க மனசு வரல.”

அவள் அவனைப் பார்த்தாள். கதவோரத்து நாற்காலி, மடியில் பை, இரண்டு காலும் சேர்ந்து வாசல் பக்கமாகத் திரும்பியிருக்கின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படியே. திட்டுவதற்கு வாயைத் திறந்தவளுக்கு வேறு ஏதோ உறைத்தது.

“எழுந்திரு” என்றாள்.

எழுந்தான். அவள் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்ட நாற்காலி. அதில் அவள் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. போனை எடுத்து விளையாட்டைத் திறந்து, முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்தாள். திரையில் அலமாரி, அதற்குப் பின்னால் பாதி மறைந்த காலண்டர். போனைத் தாண்டிப் பார்த்தால் அதே அலமாரி, அதே பாதிக் காலண்டர். ஜன்னலின் சாய்வு, கட்டிலின் கம்பி, தலையணையின் ஓரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று பிசகில்லாமல் பொருந்தின. கடல் மட்டும்தான் கூடுதல். கட்டிலுக்கும் அந்தப் பக்கத்துச் சுவருக்கும் நடுவே இரண்டடி இடம் இருக்கிறது. அவளுடைய பாய் விரித்திருந்த இடம். இங்கிருந்து பார்த்தால் கட்டில் அதை மறைத்துக்கொண்டது. அப்படி ஒரு இடம் இருப்பதாகவே தெரியவில்லை.

“அந்தப் பக்கம் போ” என்றாள்.

“எந்தப் பக்கம்?”

“கட்டிலுக்கு அந்தப் பக்கம். போய்ப் படு.”

“அக்கா...”

“படுடா.”

பையை வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனான். உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டியிருந்தது. முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது, தோள் மறைந்தது. தலையும் கீழே போய்விட்டது. நாற்காலியிலிருந்து பார்த்தால் அறையில் யாருமே இல்லை.

“என்ன தெரியுது?”

கீழேயிருந்து குரல் வந்தது. “கட்டிலோட அடிப்பக்கம். துரு. ஒரு டப்பா இருக்கு.”

“கரண்டி டப்பா. மாத்திரை நுணுக்கறது. வேற?”

“ஒண்ணும் தெரியல. அவர் படுத்திருந்தா தெரிஞ்சிருக்கவே மாட்டாரு.”

“ஆமா. இப்ப கேட்டுக்கோ. ராத்திரி மூணு மணி. மேல சத்தத்தையே காணோம். லைட்டைப் போட்டா எழுந்து திட்டுவாரு. நீ எழுந்து நின்னா இடுப்பு பிடிச்சுக்கும், காலையில கடைக்குப் போக முடியாது. மூச்சு இருக்கா இல்லையான்னு பாக்கணும். எப்படிப் பாப்பே?”

போனில் பியானோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

கட்டிலின் அந்தப் பக்கத்து விளிம்புக்கு மேலே ஒரு கை எழுந்து வந்தது. மணிக்கட்டில் கறுப்பு வார். விளிம்பைத் தொட்டு, மெத்தையைத் தொட்டு, குவிந்து கிடந்த பேண்ட்டுகளின்மேல் ஏறியது. குண்டூசி குத்தியிருக்க வேண்டும், ஒருமுறை சுருக்கென்று மடங்கியது. ஆனால் கீழே இறங்கவில்லை. மறுபடி விரிந்து, தலையணை இருக்கும் பக்கமாக, நெஞ்சு இருந்திருக்கக்கூடிய இடத்தைத் தேடித் தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தது.